ஊர் மழைக்கணக்கும் உலகின் உஷ்ணமும்

ஏரி நிறைந்த ஆண்டாயினும் சரி, ஏரிக்குள் மாடு மேய்ந்த ஆண்டாயினும் சரி, கிராம சபை கூடும்போது ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. வயதில் மூத்த விவசாயி ஒருவர் எழுந்து, "முன்போல மழையில்லை, காலமே மாறிப்போயிற்று" என்பார். உடனே இளைஞர் ஒருவர், "நேற்று மழை வரும் என்றார்கள், ஒரு தூறல்கூட விழவில்லை. மறுநாள் மழையையே சரியாகச் சொல்ல முடியாதவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உலகம் சூடேறிவிடும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்பார். இரண்டுமே தள்ளிவிடக்கூடிய பேச்சல்ல. இரண்டுக்கும் ஒழுங்காக விடை சொல்லப் புகுந்தால் சீதோஷ்ண சாஸ்திரத்தின் அரிச்சுவடியைச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

இது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும் பாடம் அன்று. ஏரிக் கலிங்கலைச் செப்பனிடவும், ஓடையின் குறுக்கே சிறுபாலம் கட்டவும், குடிநீர்க் கிணறு வெட்டவும் பஞ்சாயத்துக்கள் பொதுப்பணத்தைச் செலவிடுகின்றன. அவை அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு நிற்க வேண்டியவை. கடந்த காலத்து மழையை நம்பி வருங்காலத்துக்குக் கட்டுகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். காலையில் மூட்டம், மாலையில் இடி, மறுநாள் வெயில், இவை வானிலை. ஐப்பசி மாதம் ஓரிடத்தில் வழக்கமாக எப்படி இருக்கும், சித்திரை எப்படி இருக்கும், பத்து ஆண்டுகளில் எத்தனை ஆண்டு ஏரி நிரம்பும் என்ற நெடுநாளைய வழக்கமே காலநிலை. உலக வானிலை ஸ்தாபனத்தார் இவ்வழக்கத்தைக் கணக்கிடுவதற்கு முப்பது ஆண்டுகளை ஓர் அளவாகக் கொள்கின்றனர். ஆகவே ஓராண்டுப் பெருமழையோ, ஈராண்டு வறட்சியோ தனித்து நின்று காலநிலையைக் காட்டமாட்டா.

இளைஞரின் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. வருகிற சித்திரை பத்தாம் நாள் வெயிலா, மூட்டமா என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. ஆயினும், வருகிற சித்திரை வருகிற மார்கழியைக் காட்டிலும் உஷ்ணமாக இருக்கும் என்று எழுத்தறியாதவரும் சொல்லிவிடுவார். ஒரு நாளின் வானிலைக்குக் காரணங்கள் ஆயிரம். அவற்றில் ஒன்று சற்றுப் பிசகினாலும் மேகம் வேறு ஊருக்குப் போய்விடும். ஒரு பருவத்தின் வெப்பத்துக்கோ பெரிய காரணம் ஒன்றே. சூரியன் உச்சிக்கு வருகிறான், பூமி காய்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்திய உலகைப் பற்றிச் சொல்பவர்களும் அத்தகைய பெரிய காரணம் ஒன்றைக் கொண்டுதான் சொல்கின்றனர். அன்றைய தினம் எந்த ஊரில் மழை பெய்யும் என்று அவர்கள் சொல்வதில்லை.

இனிப் பெரியவரின் பேச்சுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 920 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களை நடுவாகக் கொண்ட வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. 2015ஆம் ஆண்டு அப்பருவத்தில் வழக்கத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மழை கொட்டிற்று. மறு ஆண்டாகிய 2016இல் அதே பருவத்தில் 168 மில்லிமீட்டர்தான். வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். வழக்கமான அளவுக்குச் சிறிது குறைவாக ஒரு தொகை வரும். "மழை சரியாகவே பெய்திருக்கிறது" என்று காகிதத்தில் எழுதிவிடலாம். முதலாண்டு வெள்ளத்தில் பயிரையும், மறு ஆண்டு வறட்சியில் நாற்றையும் இழந்தவனுக்கு அக்காகிதத்தால் ஆவது என்ன? சராசரி என்பது பயனுள்ள கருவிதான். ஆனால் சராசரியை மட்டும் பார்ப்பவர் மழையைப் பார்க்கவில்லை.

மனிதருடைய ஞாபகமும் அப்படியே. ஏரி உடைந்த ஆண்டை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. சாதாரணமாகப் பெய்து சாதாரணமாக விளைந்த ஆண்டுகளை எவரும் நினைப்பதில்லை. "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் பேச்சில் உண்மை இருக்கலாம். எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் புத்தகம் ஒன்றே சொல்லும். சென்னையில் 1792ஆம் ஆண்டு வானாராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. அன்று முதல் நாள்தோறும் மழையையும் வெப்பத்தையும் குறித்துவைத்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத சிப்பந்திகள். அவர்கள் எழுதிய பேரேடுகள் இல்லையெனில், 2016ஆம் ஆண்டு வறட்சி எவ்வளவு அரியது என்று இன்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

இப்போது பெரிய காரணத்துக்கு வருவோம்.

மேற்குப் பார்த்த சுவர் ஒன்று பகலெல்லாம் வெயிலில் காய்ந்திருக்கிறது. சூரியன் மறைந்து ஒரு நாழிகை சென்றபின் அச்சுவரருகே முகத்தைக் கொண்டுபோனால், சுவரைத் தொடாமலே அனல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக அச்சுவர் வெப்பத்தை வெளிவிடுகிறது. பூமியும் அவ்வாறே. பகலில் சூரிய ஒளியை வாங்கிக்கொண்டு, இரவும் பகலும் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வரவும் செலவும் சமமாக இருக்குமட்டும் பூமியின் உஷ்ணம் ஒரே நிலையில் நிற்கும்.

இந்தச் செலவைத் தடுப்பது எது என்பதையும் விவசாயிகள் அறிவார்கள். மார்கழியில் மேகமற்ற இரவில் பனி கடுமையாக இறங்குகிறது. விடியற்காலையில் குளிர் நடுக்குகிறது. அதே மாதத்தில் வானம் மூடியிருக்கும் இரவில் குளிர் அவ்வளவு இல்லை. சில நாள் புழுக்கமாகவே இருக்கிறது. மேகம் தானாக அனல் உண்டாக்கவில்லை. தரையிலிருந்து மேலே செல்லும் வெப்பத்தை வாங்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. கம்பளி போர்த்தியவனுக்கு உடலின் சூடு வெளியே போகாமல் நிற்பதுபோல என்று சொல்லலாம். உவமை முற்றும் பொருந்தாவிடினும் கருத்து விளங்கும்.

மேகம் கண்ணுக்குத் தெரிகிற போர்வை. கண்ணுக்குத் தெரியாத போர்வையும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் மிகப் பெரும்பகுதி நைட்ரஜனும் பிராணவாயுவும். இவ்விரண்டும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை. நீராவி, கரியமில வாயு, மீத்தேன் ஆகியவையே தடுக்கின்றன. இது நேற்றுப் பிறந்த கொள்கை என்று சிலர் நினைக்கின்றனர், அது தவறு. 1856ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்னும் அம்மையார் கண்ணாடிக் குழல்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழல் மற்றவற்றைவிட அதிகம் சூடேறிற்று. நிழலுக்குக் கொண்டுவந்த பின்னரும் நெடுநேரம் ஆறவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து லண்டனில் ஜான் டிண்டால் என்னும் விஞ்ஞானி, நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிரை உறிஞ்சுவதைக் கருவி கொண்டு அளந்து காட்டினார். நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் உலகின் உஷ்ணம் உயரும் என்பதை, ஸ்வீடன் நாட்டின் ஸ்வாந்தே அரீனியஸ் 1896இல் காகிதமும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டார்.

இயற்கையான போர்வை நமக்கு நன்மையே செய்கிறது. அது இல்லாதிருந்தால் பூமியின் சராசரி உஷ்ணம் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேட் என்ற நிலையில் இருந்திருக்கும். நெல்லும் இல்லை, நாமும் இல்லை. அது இருப்பதால் ஏறத்தாழ 15 டிகிரி என்ற இதமான நிலை அமைந்தது. போர்வை தடித்துக்கொண்டே போவதுதான் இப்போதைய துன்பம். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958ஆம் ஆண்டில் சார்லஸ் கீலிங் என்பவர் பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவின் மலைச்சரிவில் இருந்து இதை இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. தென்துருவப் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்து, அதில் அகப்பட்டிருந்த பழங்காலக் காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் ஒருபோதும் அது 300ஐ எட்டிக் கடந்து இவ்வளவு உயரம் சென்றதில்லை என்று தெரிய வந்தது.

பத்தாயிரத்தில் நான்கு பங்கே உள்ள வாயு இவ்வளவு காரியம் செய்யுமா என்று கேட்பவர் உண்டு. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடும்போது ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டுக்கள் போதுமல்லவா? வாளி முழுவதும் நிறம் மாறிவிடுகிறது. தண்ணீர் ஒளியைத் தடுக்கவில்லை, நீலம் தடுக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதுடன் அது எதைத் தடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வேறொரு கேள்வியும் நியாயமானதே. மனிதரும் மாடும் விடும் மூச்சிலும், அடுப்பில் எரியும் விறகிலும் கரியமில வாயு வெளிவரவில்லையா? வருகிறது. ஆனால் விறகிலும் தவிட்டிலும் உள்ள கரி, சில ஆண்டுகளுக்கு முன் இதே காற்றிலிருந்து செடியும் மரமும் எடுத்துக்கொண்டது. எடுத்தது திரும்பி வருகிறது. அழித்த மரத்துக்கு ஈடாக மரம் வளருமாயின் கணக்கு நேராகிவிடும். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி அப்படியன்று. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மண்ணில் புதைந்துபோன காடு அது. பெட்ரோலும் டீசலும் அதனினும் பழைய சேமிப்பு. புதைந்து கிடந்த இந்தக் கரியைத் தோண்டி எரிக்கும்போது காற்றின் கணக்கில் புதிய வரவாகச் சேருகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் உண்டு. உயிருள்ள செடியின் கரியில் கதிரியக்கமுள்ள ஒரு வகைக் கரி சிறிதளவு இருக்கும். மண்ணில் நெடுங்காலம் புதைந்த கரியில் அது முற்றும் அழிந்துபோயிருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவில் அவ்வகைக் கரியின் விகிதம் நீர்த்துப்போவதை விஞ்ஞானிகள் 1950களிலேயே கண்டனர். பாலில் தண்ணீர் கலந்தால் கருவி காட்டிக்கொடுப்பதுபோல இதுவும் காட்டிக்கொடுத்தது.

சூரியனே அதிகமாகக் காய்கிறதோ என்ற சந்தேகத்துக்கும் விடை கிடைத்திருக்கிறது. 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக் கோள்கள் சூரிய ஒளியை அளந்து வருகின்றன, ஏற்றம் காணப்படவில்லை. மேலும், சூரியன் காரணமாயின் வாயு மண்டலம் அடிமுதல் முடிவரை சூடேற வேண்டும். நடப்பதோ, தரையை ஒட்டிய காற்று சூடேறுகிறது. மிக உயரத்திலுள்ள காற்று குளிர்ந்து வருகிறது. போர்வைக்குள் வெதுவெதுப்பும் போர்வைக்கு வெளியே குளிர்ச்சியும் இருப்பது இயல்புதானே.

உலகில் ஆண்டுதோறும் வெளிவிடப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் தாவரங்களும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்குகிறது. ஏரிக்கு வரத்து வாய்க்கால் வழியே பத்துப் பங்கு தண்ணீர் வந்து, மதகு வழியே ஐந்து பங்கு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வரத்தை எட்டாகக் குறைத்துவிட்டோம் என்று மகிழ்வதில் பொருளில்லை. நீர்மட்டம் இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கும், சற்று மெதுவாக. வரத்து போக்கைவிடக் குறைந்தாலன்றி மட்டம் இறங்காது. உலக மாநாடுகளில் தேசங்கள் செய்துகொள்ளும் உறுதிமொழிகளைப் பத்திரிகையில் படிக்கும்போது இந்த ஏரிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நலம்.

இதன் பயனாக உலகின் சராசரி உஷ்ணம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட 2024இல் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. நம் நாட்டின் சராசரி 1901க்கும் 2018க்கும் இடையே சுமார் 0.7 டிகிரி உயர்ந்தது. காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்து டிகிரி வேறுபடும் ஊரில் இது ஒரு பெரிய செய்தியா என்று தோன்றலாம். காலையும் மாலையும் ஏறி இறங்குவது வேறு. அடிமட்டமே உயர்ந்துவிடுவது வேறு. உடலின் உஷ்ணம் இரண்டு டிகிரி கூடி அப்படியே நின்றுவிட்டால் எவரும் அதைச் சிறிதென்று சொல்வதில்லை.

உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் பகலைவிட இரவே வேகமாகச் சூடேறி வருகிறது. இது நெல் விவசாயி கவனிக்க வேண்டிய செய்தி. பகலில் இலை மாவுப்பொருளைச் சேர்க்கிறது. இரவில் பயிர் சுவாசிக்கிறது. சேர்த்ததில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு செலவு. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1992 முதல் 2003 வரை தம் வயல்களின் விளைச்சலை ஒப்பிட்டு, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது விளைச்சல் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்ததாகக் கண்டனர். உரமும் தண்ணீரும் வழக்கம்போல் இட்டும் கதிரில் பதர் மிகுந்ததேன் என்று வியக்கும் விவசாயி, இரவு வெப்பத்தையும் காரணங்களுள் ஒன்றாக எண்ணிப் பார்க்கலாம்.

மழையின் சங்கதி இன்னும் முக்கியமானது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கும். இந்த ஒரே விதியிலிருந்து ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும் இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. சூடான காற்று வயலிலிருந்தும் ஏரியிலிருந்தும் ஈரத்தை விரைந்து உறிஞ்சுகிறது. மழை இடைவிட்ட நாட்களில் மண் சீக்கிரம் காய்ந்துபோகிறது. பெய்யத் தொடங்கினாலோ, சேர்த்துவைத்த நீராவி அதிகமாதலால் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக வருவது இப்படித்தான்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை, தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். தாமிரவருணிக் கரையோர ஊர்கள் நீரில் மூழ்கின. குளங்கள் பல உடைந்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்து சென்னையும் சுற்றுப்புறமும் பட்ட பாடு நினைவிருக்கும்.

இவை காலநிலை மாறியதால் வந்தவைதாமா என்று ஒரே சொல்லில் விடை கேட்பது முறையன்று. தாயம் ஆடும்போது கட்டையின் ஒரு பக்கத்தை யாரோ சிறிது தேய்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு முன்னைவிட அடிக்கடி விழும். ஆயினும் இப்போது விழுந்த இந்தப் பன்னிரண்டு தேய்த்ததால் விழுந்ததா, தேய்க்காமலே விழுந்திருக்குமா என்று சொல்ல முடியாது. பெருமழையும் புயலும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதை நாடறியும். எல் நினோ என்று ஒன்று உண்டு. பசிபிக் கடலின் நீர் சில ஆண்டுகளில் சூடேறுவதற்கு அப்பெயர். அவ்வாண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். நம் ஐப்பசி, கார்த்திகை மழையோ பெரும்பாலும் கூடும். 2015ஆம் ஆண்டு அத்தகையதே. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், நம் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று ஆராயப் புகுந்துதான், பசிபிக் கடலுக்கும் இந்தியாவுக்கும் இடையே வாயு அழுத்தம் தராசுத்தட்டுக்கள்போல ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். ஆகவே இயற்கையின் ஏற்ற இறக்கம் என்றும் உண்டு. அதன்மேல் போர்வையின் சூடும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டின் மொத்த மழை நூறு ஆண்டுகளில் திட்டமாகக் கூடிவிட்டது என்றோ குறைந்துவிட்டது என்றோ கூறுவதற்கில்லை. பெய்யும் விதமே கவலைக்குரியது. "முன்போல மழையில்லை" என்ற பெரியவரின் சொல்லை, "முன்போல மழை பெய்வதில்லை" என்று சிறிது திருத்தினால் போதும்.

இந்தத் திருத்தம் கலிங்கலில் வந்து முட்டுகிறது. ஏரி கொள்ளாத தண்ணீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலிங்கல். அதன் நீளத்தையும் உயரத்தையும் எப்படி முடிவு செய்தார்கள்? பழைய சென்னை மாகாணத்தில் ரைவ்ஸ் என்னும் பொறியாளர் 1884ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் வகுத்தார். நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பையும், கடலுக்கோ மலைக்கோ எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் கொண்டு, வரக்கூடிய அதிகபட்ச வெள்ளத்தைக் கணக்கிடும் முறை அது. தென்னாட்டு ஏரிகளுக்கு நெடுங்காலம் அச்சூத்திரமே கைகொடுத்தது. குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அன்றைய வெள்ளங்களைப் பார்த்து அன்று வகுத்தது. ஆனால் அதனுள் அடங்கியிருப்பது அக்காலத்து மழை.

ஒரு சதுரக் கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். பத்து நாட்களில் பரவலாகப் பெய்தால் மண் குடிக்கும், கிணறு ஊறும், ஏரிக்கு வருவது ஒரு பங்கே. மூன்று மணி நேரத்தில் பெய்தால் மண்ணுக்குக் குடிக்க அவகாசமில்லை. பெரும்பகுதி மண்ணையும் அரித்துக்கொண்டு ஏரிக்கு ஓடிவரும். பரப்பு அதுவே, மழை அளவு அதுவே. கலிங்கல் தாங்க வேண்டிய வேகம் பல மடங்கு. போதாக்குறைக்கு, மறுகால் செல்லும் ஓடையில் கருவேல் அடைத்திருக்கும். அல்லது ஓடையே வீட்டுமனையாகியிருக்கும். ஏரிக்குள் கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று கலிங்கலின்மேல் மண் மூட்டைகளை அடுக்கி உயர்த்தும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. முன்னே பெய்த மழைக்கு அது ஆபத்தில்லாமல் கழிந்திருக்கலாம். இனி அப்படிச் செய்வது கரைக்குக் கீழே குடியிருப்பவர்களின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் பஞ்சாயத்து ஒன்றியங்களின் பொறுப்பிலேயே உள்ளன. ஆகவே இது சென்னையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக்கூடிய காரியமன்று. செப்பனிடும் மதிப்பீடு சபைக்கு வரும்போது, தூர் எடுக்க எத்தனை ரூபாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், "கலிங்கல் எந்த மழைக்குக் கணக்கிடப்பட்டது? அண்மை ஆண்டுகளின் பெருமழையைச் சேர்த்துப் பார்த்தீர்களா?" என்றும் பொறியாளரைக் கேட்க வேண்டும். சிறுபாலத்தின் குழாய் விட்டத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

கடலோரப் பஞ்சாயத்துக்களுக்கு மற்றொரு கவலையும் உண்டு. சூடேறிய நீர் விரிவதாலும், நிலத்தின்மேல் இருந்த பனி உருகுவதாலும், 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. மட்டத்தை ஒட்டிய டெல்டாவின் கடைமடையில் ஒரு சாண் உயரம் பெரிய உயரம். ஆழ்குழாய்க் கிணறுகளால் நாமே நன்னீரை இறைத்துவிட்டால் உப்பு நீர் உள்ளே வருவதற்கு வழி இரட்டிப்பாகிறது.

இவ்வளவுக்கும் பொறுப்பு யார் என்ற கேள்வி எழாமல் இராது. இந்தியர் ஒருவரின் பங்காக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு கணக்காகிறது. அமெரிக்கர் ஒருவருக்கு அதைப்போல் ஏழு மடங்கு. கம்பளியைத் தடிக்கச் செய்தவர்களில் நம் விவசாயிக்கு இடம் மிகச் சிறிது. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் நம் செலவையும் குறைத்து, போர்வையையும் தடிக்காமல் செய்யும் காரியம் ஒன்று நம் கையில் இருக்கும்போது அதை விடுவானேன்? நெல் வயலில் ஓயாமல் தண்ணீர் தேங்கி நின்றால், காற்றுப் படாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைத் தடுப்பது. நம் முன்னோர் அறிந்த காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கு நல்ல மாற்று. துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதித்து உள்ளே நீர்மட்டத்தைப் பார்த்துவர வேண்டும். மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மீண்டும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் காயவிடலாகாது. முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமல், தண்ணீரில் நல்ல மிச்சமும் மீத்தேனில் ஏறத்தாழப் பாதிக் குறைவும் காணலாம். மோட்டார் ஓடும் நேரம் குறைவது தனி ஆதாயம்.

பஞ்சாயத்து செய்யக்கூடிய மற்றொரு காரியத்துக்குச் செலவு மிகக் குறைவு. ஊருக்கு ஒரு மழைமானி. வானிலைத் துறையின் மழைமானிகள் எல்லாக் கிராமங்களிலும் இல்லை. நம் மழையோ ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறாமல் போவது. தாலுகாக் கணக்கை வைத்து ஊர் ஏரியை மதிப்பிட இயலாது. முறையான மழைமானி கிடைக்காவிடில், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான, அடி தட்டையான பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். விழுந்த நீரின் உயரமே மழையின் அளவு. வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் உதவாது; கணக்கு கூடிவிடும். மரமோ வீடோ அருகில் இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளப்பது வானிலைத் துறையின் வழக்கம். நாமும் அதையே கொண்டால் நம் கணக்கை அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம். ஓர் அங்குல மழை ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் என்பதைப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தால், படிப்பவருக்கு எண் பொருளாகத் தெரியும்.

அளப்பதற்கு ஆசிரியரையோ, மேல்வகுப்பு மாணவரையோ அமர்த்தலாம். ஆள் மாறினாலும் பாத்திரத்தின் இடம் மாறலாகாது. பெருமழையன்று பாத்திரம் நிரம்பி வழியும் முன் இடையிலே அளந்து ஊற்றிவிட்டுத் தொகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு அளந்தது என்பதையும் எழுத வேண்டும். கலிங்கல் கணக்குக்கு மிகவும் வேண்டியது அந்த மணிதான். மழையில்லாத நாளுக்கும் சுழியம் இட வேண்டும். வெற்றிடமாக விட்டால், அன்று மழை பெய்யவில்லையா, அளக்க மறந்தார்களா என்பது முப்பது ஆண்டு கழித்துப் புத்தகத்தைப் புரட்டுபவருக்குத் தெரியாது.